மெழுகுவத்திப் பரண்

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் பரணில் அவள் அடுக்கி வைத்திருந்த மெழுகுவத்திகள் எல்லாம் அந்தக் கோடையில் உருகி, ஒன்றையொன்று கட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிட்டன. இடுப்பொடிய வார்த்தவை. தலையில் கைவைத்து உட்கார்ந்தவளைப் பார்த்து, "வெயில் எறங்காம பரணைச் சுத்தி அடைச்சுடலாம், விடு" என்று சொல்லிவிட்டார் அவள் கணவர். பஸ் ஓட்டுநர். வாயைக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது அவருக்கு வழக்கம்.

டிப்போவில் ஆள் பற்றாக்குறை. இன்னொருவர் ஓட்ட வேண்டிய வண்டியையும் சேர்த்து இவர் தலையில் கட்டியிருந்தார்கள். டூட்டி முடிந்து வந்ததும் காக்கிச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கொட்டகைக்குப் போவார். கூரைத் தகரத்துக்கு அடியில் தெர்மோகோல் பலகைகளை வைத்து, மேலே பிளைவுட் அடித்து, மூன்று பக்கமும் மூடினார். முன்பக்கம் கதவு. டயர் கடை வைத்திருக்கும் அவள் அண்ணன் ஏணி கொண்டுவந்து கொடுத்து, பலகை பிடிக்கவும் நின்றான்.

"மாப்ளே, பஸ் ஓட்டுற மாதிரியே ஆணி அடிக்கிறீங்க. பாதி ஸ்டாப்புல நிக்காமப் போறீங்க."

அவர் சிரிக்கவில்லை. "பேசாம எங்கயாவது போய்டலாம் போல இருக்கு மச்சான்" என்றார். அடுப்படியிலிருந்து அதைக் கேட்டாள். அலுப்பில் சொல்வதுதானே என்று மெழுகைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும்தான் அலுப்பு.

கடைசியில் இடுக்குகளுக்கு டேப் ஒட்டுவது மட்டும் பாக்கி. அன்று காலை, டூட்டி முடிந்து வந்தவரைக் கொட்டகையில் விட்டுவிட்டு, அவள் கடைகளுக்குச் சரக்குப் போடப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து கூப்பிட்டுப் பார்த்தாள், ஆள் இல்லை. சாப்பாடு மூடியபடி இருந்தது. மறுபடியும் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அப்போதுதான் டிப்போவிலிருந்து போன் வந்தது.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னும் வரல? வண்டி நிக்குது."

அவருடைய போனுக்கு அடித்தாள். கொட்டகை மேசையில் மணி அடித்தது. பக்கத்திலேயே செருப்பும் கிடந்தது.

செருப்பு இல்லாமல் எங்கே போவார் மனுஷன்? டீக்கடையில் இல்லை, சலூனில் இல்லை. எங்கயாவது போய்டலாம் போல இருக்கு. அந்தப் பேச்சு இப்போது வேறு மாதிரிக் கேட்டது. அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"நான் ஏணி எடுக்க வந்தப்பவும் அங்க யாரும் இல்லையேம்மா. பரண் கதவுதான் தொறந்து கெடந்துச்சு. எலி போகும்னு கொண்டி போட்டுட்டு வந்தேன்."

"உள்ள எட்டிப் பாத்தியாண்ணே?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் போனைப் போட்டுவிட்டு ஓடினாள். மேசைமேல் நாற்காலியை ஏற்றி, அதன்மேல் ஏறிக் கொண்டியை இழுத்தாள்.

கோடியில், கடைசி இடுக்குக்கு நேர் கீழே, வாயைத் திறந்து மல்லாந்து கிடந்தார். நெஞ்சின்மேல் டேப் உருளை. அது ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. உள்ளே தெருச் சத்தம் இல்லை, அனலும் இல்லை. போன் மணியும் அவள் கூப்பிட்டதும் அந்தப் பலகைகளைத் தாண்டி வந்திருக்காது. அவர் கதவைத் தட்டவில்லை. பூட்டியதே தெரியாமல் தூங்கியிருக்கிறார். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருப்பு எப்போது வந்தது? தினமும் சோறு போடுகிறவள், பார்க்கவே இல்லையே என்று இருந்தது.

வெளிச்சம் பட்டு அவர் புரண்டார். "டூட்டிக்கு நேரமாச்சா?"

"இல்லங்க. தூங்குங்க."

கதவை ஒருக்களித்துவிட்டு இறங்கி, டிப்போவுக்குப் போன் போட்டாள். "அவருக்கு உடம்பு சரியில்ல. இன்னிக்கும் வரமாட்டார், நாளைக்கும் வரமாட்டார்." அந்தப் பக்கம் சத்தம் போட்டார்கள். போட்டு முடியட்டும் என்று காத்திருந்து, போனை வைத்தாள்.

பொழுது சாய்ந்த பிறகு எழுந்து வந்தவர் விஷயத்தைக் கேட்டுத் திடுக்கிட்டார்.

"எதுக்குடி பொய் சொன்னே?"

"பொய்யா? போய்க் கண்ணாடியில மூஞ்சியப் பாருங்க" என்றாள், சோற்றைப் பிசைந்து அவர் முன்னால் நகர்த்தியபடி.