கோடாலியால் வெட்டிய பால்

வடக்கனந்தல் முதியோர் எழுத்தறிவு வகுப்பில் ராஜாங்கம் சார் அன்று கனடாவைப் பற்றி வாசித்துக் காட்டினார். முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் பிரான்சிலிருந்து கப்பலேறி அங்கே குடியேறியவர்களின் கதை. பாதி வருஷம் பனி. கதவைத் திறந்தால் இடுப்பளவு கிடக்கும். அதை உருக்கித்தான் குடிக்க வேண்டும். பால்கூடக் கல்லாக உறைந்துவிடும், கோடாலியால் வெட்டி எடுப்பார்கள்.

"பாலையா? கோடாலியாலயா?" என்று கேட்ட செல்லியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்தவள் அவள். "சார், கள்ளக்குறிச்சியில நம்ம மாதிரி வகுப்புங்களுக்கு வெக்கிற போட்டிக்கு இதையே நாடகமா போட்டுடலாம் சார். நான் பிரெஞ்சுக்காரன். இந்த ரங்கம்மா எம் பொண்டாட்டி மேரி."

சித்திரை மாதம். கள்ளக்குறிச்சியில் தகரக் கொட்டகை மேடை, காலை பதினொரு மணி. மக்காச்சோள நாரில் தாடி ஒட்டி, இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு செல்லியம்மாள் நின்றாள். மேடை முழுக்க இலவம்பஞ்சுப் பனி.

"குளுரு தாங்கல மேரி" என்றாள். தாடி வழியாக வியர்வை சொட்டியது.

கூட்டத்தில் இருந்த அவள் புருஷன் பச்சமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போய், விருந்தினருக்காக வைத்திருந்த பெரிய மின்விசிறியை மேடைப் பக்கம் திருப்பி, வேகத்தையும் கூட்டிவிட்டான்.

மேடையிலிருந்த பஞ்சு மொத்தமும் எழும்பிச் சுழன்று கூட்டத்தின் மேல் இறங்கியது. முன்வரிசையில் அதிகாரிகள் வரிசையாகத் தும்மினார்கள். தலைமை விருந்தினர் அம்மாவின் கொண்டை வெள்ளையாகிவிட்டது.

அடுத்த வசனம் செல்லியம்மாளுக்கு மறந்தே போனது. கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மேரி! ஊரு பூரா பனி கொட்டிக்கினு கீது, நீ இன்னா பாத்துக்கினு நிக்கிற? வெளக்கமாத்த எடு!"

ரங்கம்மாள் எங்கே எடுப்பது? சிரித்துச் சிரித்துக் கால் மடங்கி, அடுப்புக்காக வைத்திருந்த விறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்லியம்மாளே விளக்குமாற்றோடு கீழே குதித்து, விருந்தினரின் தோளைப் பதமாகத் தட்டிவிட்டாள்.

"ஆடாதீங்கம்மா. ஜாஸ்தி பனி உங்க மேலதான்."

"எப்போம்மா நிக்கும் இது?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஆறு மாசம் ஆவுங்க. அதுவரைக்கும் இங்கயே இருங்க, பாலு வெட்டித் தரேன்."

கொட்டகை அதிர்ந்தது. ராஜாங்கம் சார் சோகமாக முடிய வேண்டுமென்று எழுதியிருந்த கடைசிக் காட்சியை யாரும் கேட்கவில்லை, அவரும் நினைவூட்டவில்லை.

இரண்டாம் பரிசாக ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். பதிவேட்டில் கைநாட்டு வைக்காமல் செல்லியம்மாள் பேனாவைக் கேட்டு வாங்கினாள். சிரிப்பில் கை குலுங்கி, கடைசி 'ள்' கோட்டைத் தாண்டி அடுத்த ஆளின் கட்டத்துக்குள் போய்விட்டது.

பேருந்தில் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார் நடத்துனர். பச்சமுத்துவின் மீசையெல்லாம் பஞ்சு.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"கனடாங்க" என்றாள் ரங்கம்மாள். "வடக்கனந்தலுக்கு மூணு குடுங்க."