யார் நம்பரை எழுத?

பச்சை குத்தக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு ஊசி பிடிப்பது இரண்டே மாதத்தில் கைவந்துவிட்டது. வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் ஆறு மாதமாகியும் பிடிபடவில்லை. முந்தாநாள் ஒருவர், நகம் அகல இடத்தில் குடும்பத்தில் ஏழு பேர் முகத்தையும் வரையச் சொன்னார். எல்லோருக்கும் மூக்கு தெரிய வேண்டுமாம். நேற்று ஒருவன், போன வாரம்தான் குத்திய காதலியின் பெயரை மீன் படமாக மாற்றித் தரச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றான். வலிக்காத ஊசி இருக்கிறதா என்று கேட்காத ஆளே கிடையாது.

இத்தனையையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்ததற்குக் காரணம், தனியாக வேலை செய்யக் கிடைக்கப்போகும் ஜன்னலோர நாற்காலி. ரப்பர் தோலிலும் ஆரஞ்சுப் பழத்திலும் கடைசியில் தன் தொடையிலும் குத்திப் பழகியவளிடம், "யார் துணையும் இல்லாம ஒருத்தருக்கு ஒழுங்கா எழுத்தோ எண்ணோ குத்திக் காட்டு, அந்த நாற்காலி உனக்கு" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார்.

அன்று காலை அண்ணன் தம்பி இருவர், நடுவில் அப்பாவை நடத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

"அப்பா கையில போன் நம்பர் குத்தணும்" என்றான் அண்ணன். "ஞாபகம் தப்புது. இந்த மாசத்துல மூணு தடவை வழி தெரியாம போயிட்டாரு."

பத்தே பத்து எண்கள். அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. உள் நாற்காலியில் யாரோ ஒருவருடைய முதுகில் வேலையாக இருந்த மாஸ்டர், ஆரம்பி என்று கண்ணைக் காட்டினார்.

பெரியவர் தையல்காரராக இருந்து ஓய்ந்தவர். உட்கார்ந்ததும் அவர் கண், ஊசி இயந்திரத்தை ஓட்டத் தரையிலிருந்த மிதியில்தான் போய் நின்றது.

"மிதி மிஷினா? நூல் எங்கேம்மா?"

"நூல் இல்லீங்க ஐயா. மை."

"அப்ப தப்பா விழுந்தா பிரிக்க முடியாதே" என்று கவலைப்பட்டார்.

அவள் படிவத்தை எடுத்தாள். குத்துவதற்கு முன் கேட்டே ஆக வேண்டிய கேள்விகள்.

"சர்க்கரை இருக்கா சார்?"

அண்ணன் தம்பியைப் பார்த்தான். "இருக்கும்" என்றான் தம்பி.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?"

"என்னமோ ஒரு வெள்ளை மாத்திரை. அண்ணனுக்குத்தான் தெரியும்."

"எனக்கு எப்படிடா தெரியும்? போன மாசம் உன் வீட்லதானே இருந்தாரு?"

"வயசு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரண்டு வயதைச் சொன்னார்கள். அவளுக்கு எரிச்சல் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. நாற்காலியை நினைத்துக்கொண்டு அடக்கினாள். பெரியவரின் முன்கையைத் துடைத்துத் தோலை இழுத்துப் பார்த்தாள். வெங்காயச் சருகு போலிருந்தது. துளி ஆழம் கூடினாலும் மை பரவிவிடும்.

"சரி, நம்பரைச் சொல்லுங்க."

"தம்பி, உன் நம்பரைச் சொல்லு."

"என்னுதா? எனக்கு நாள் முழுக்க மீட்டிங். நீதானே மூத்தவன்?"

"நான் வண்டி ஓட்டுறவன். ஓட்டும்போது எப்படி எடுக்கிறது?"

மாறி மாறித் தள்ளிவிட்டதில் கால் மணி நேரம் ஓடியது. கடல் கடந்து போன தங்கையின் நம்பர்வரை போய்த் திரும்பினார்கள். கடைசியில் தம்பிக்குப் பிரமாதமான யோசனை பிறந்தது.

"நம்ம அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் நம்பரைப் போட்டுடலாமா? அவரு எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பாரு."

அண்ணன் உடனே வாட்ச்மேனுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் பதறியது.

"ஊசியா? வேணாம் சார்! ஐயா ரத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுறாரு. காலையில சுகருக்கு ஒண்ணு, மதியம் இதுக்கு ஒண்ணு. மறந்துடுறாருன்னு நான்தானே எடுத்துக் குடுக்கிறேன்? ஐயா பக்கத்துல இருக்காரா சார்? சாப்பிட்டாரா?"

அண்ணன் போனை அணைத்தான். மாஸ்டர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

தம்பி மட்டும் சளைக்கவில்லை. "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டுக் கூட்டிட்டு வந்தா குத்தலாமா?"

மாத்திரையைச் சாக்குச் சொல்லி நல்லபடியாகவே அவர்களை அனுப்பியிருக்கலாம். இந்தக் கேள்விக்குப் பிறகு அவளால் முடியவில்லை. பெரியவர் பக்கம் திரும்பினாள். இத்தனை நேரம் அவரை யாருமே கேட்கவில்லை, அவளையும் சேர்த்துத்தான்.

"ஐயா, உங்களுக்குக் கையில நம்பர் வேணுமா?"

"வேணாம்மா" என்றார் அவர் தெளிவாக. "நான் என்ன மூட்டையா, மேல விலாசம் எழுத?"

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"சார், அவரு வழி மறக்கிறது வியாதி. நீங்க அவரை மறந்துட்டீங்களே, அதுக்கு என்ன பேரு? வயசு தெரியல, மாத்திரை தெரியல, அவருக்காக வர்ற போனை எடுக்க ரெண்டு பேருக்கும் இஷ்டமில்ல. பெத்தவங்களைப் பார்த்துக்கிற கடமையை ஊசியும் செய்யாது, வாட்ச்மேனும் செய்யக் கூடாது. பெத்த பிள்ளைங்கதான் செய்யணும். சட்டைப் பையில ஒரு அட்டை வையுங்க, அது போதும். போன் வந்தா எடுங்க."

"கஸ்டமர்கிட்ட இப்படியா பேசுவாங்க?" என்று தம்பி மாஸ்டரிடம் பாய்ந்தான்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "பேசக் கூடாதுதான். நாற்காலி இன்னும் ஒரு மாசம் கழிச்சுத்தான்மா உனக்கு." பிறகு தம்பியைப் பார்த்தார். "ஆனா என் கடையில இவருக்கு யாரும் ஊசி வைக்க மாட்டாங்க. கிளம்புங்க."

வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் சொன்னதற்காக வருத்தப்படவில்லை.

தம்பி வண்டியை எடுக்கிறேன் என்று வெளியே போய்விட்டான். அண்ணன் மட்டும் நின்றான். மேசை மேலிருந்த கடை அட்டை ஒன்றை எடுத்து, அதன் பின்புறம் எழுதி அப்பாவின் பையில் வைத்தான். பெரியவர் அதை வெளியே எடுத்து, ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படித்தார்.

"இது யாரு நம்பர்?"

"என்னுதுதாம்பா."

"கூப்பிட்டா எடுப்பியா?"

அண்ணன் குனிந்து, அப்பாவின் கழன்றிருந்த செருப்பை மாட்டிவிட்டான்.

"எடுக்கிறேம்பா. இவ்வளவு நாள் எடுக்காதது என் தப்பு."