மூன்றாம் தொட்டியின் புது வயிறு

அந்த மீன் காட்சிசாலையில் தொட்டி கழுவும் அக்காவுக்குச் சுறாவிடம்கூடப் பகை கிடையாது. மூன்றாம் தொட்டிக் கடல் அட்டையைத்தான் கண்டாலே ஆகாது. முழங்கை நீளத்தில் கறுப்பாக ஒரு உருளை, அவ்வளவுதான். முகம் எது முதுகு எது என்று பார்ப்பவர்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும். நாள் முழுக்க மணலைத் தின்னும். அதில் ஒட்டியிருக்கும் அழுக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு, மணலை மட்டும் பின்பக்கமாகச் சரம் சரமாக விட்டுவிடும். போதாக்குறைக்கு மூச்சு விடுவதும் அதே பின்பக்கத்தால்தான். இதைக் கேட்ட நாளிலிருந்து அக்கா அதற்கு மரியாதை கொடுப்பதையே விட்டுவிட்டாள்.

அந்தச் சரத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது அவள் வேலை. எடுத்துவிட்டுத் திரும்பினால் இன்னொரு சரம் கிடக்கும். "உனக்கு வேற பொழப்பே இல்லையாடா" என்று தினமும் அர்ச்சனை நடக்கும்.

தொட்டியைத் தேய்க்கும் நாளில் அதை வாளியால் தண்ணீரோடு சேர்த்து அள்ளி மாற்ற வேண்டும், கையால் தூக்கவே கூடாது என்று அங்கே மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து வாளி கைக்கு எட்டவில்லை. ஒரு நிமிஷம்தானே என்று அக்கா வெறுங்கையால் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அட்டை உடம்பை முறுக்கியது. அடுத்த நொடி பின்பக்கம் வழியாகக் குடல் மொத்தமும் வெளியே வந்து அவள் முழங்கையில் வழிந்தது.

அக்கா பதறிப்போய் அட்டையைத் தண்ணீரில் விட்டாள். தன் டிபன் டப்பாவில் இருந்த மதியச் சாப்பாட்டைக் குப்பையில் கொட்டினாள். டப்பாவை அலசி, கடல் தண்ணீர் ஊற்றி, குடலைப் பத்திரமாக உள்ளே வைத்து மூடிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கு ஓடினாள். வேலை போனாலும் போகட்டும், அந்த வாயில்லா ஜீவன் பிழைக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

"எல்லாம் இதுலதான் இருக்கு டாக்டரம்மா. ஒண்ணுகூட விடல. உள்ள வெச்சுத் தைச்சிடுங்க."

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தாள். முதலில் கையால் தூக்கியதற்குத் திட்டினாள். அப்புறம் அக்காவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். "தையல் எல்லாம் வேணாங்க்கா. பயந்தா அது குடலைத் தூக்கிப் போட்டுடும். சில வாரத்துல புதுசா வளர்த்துக்கும்."

அக்கா நம்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்களுக்கு ஆறுதல் சொல்லும் குரல் மாதிரியே அவளுக்குக் கேட்டது. வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லி அழுதாள். தையல்காரரான அந்த மனுஷன், வேண்டுமானால் தானே ஊசி நூலோடு வந்து தைத்துத் தருவதாகச் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாளிலிருந்து மூன்றாம் தொட்டி பளிங்காக இருந்தது. குடலே இல்லாதவன் எதைத் தின்பான், எதை விடுவான்? மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறாய் என்று பாராட்டினார். அக்காவோ தினமும் முதல் வேலையாகப் போய், மூலையில் அசையாமல் கிடந்தவனிடம் குனிந்து, தின்னுடா கண்ணா, எவ்வளவு வேண்டுமானாலும் அசிங்கம் பண்ணு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று கெஞ்சினாள்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை. அவன் மூலையில் இல்லை. தொட்டியின் நடுவில் இருந்தான். அவனுக்குப் பின்னால், சுண்டுவிரல் நீளத்துக்கு மெல்லிசாக ஒரு மணல் சரம்.

அக்கா போட்ட சத்தத்தில் டாக்டரம்மா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்குக் கண்ணீரும் வந்தது. உடனே புருஷனின் தையல் கடைக்குப் போன் போட்டாள். "ஊசிய உள்ள வைங்க. அவனே பார்த்துக்கிட்டான்."

சத்தம் கேட்டு மேனேஜரும் வந்துவிட்டார். தொட்டியைப் பார்த்ததும் முகம் சுளித்து, ஆள் வருவதற்குள் அந்த அழுக்கை எடுக்கச் சொன்னார்.

அக்கா உறிஞ்சும் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் இருக்கட்டும் சார். அது அழுக்கு இல்ல. அவனோட புது வயிறு."