வளைவில் நின்ற புளியமரங்கள்

புவனகிரிக்குப் பக்கத்தில் புதிய நாலுவழிச் சாலையைத் திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சாலையோரம் எங்கே என்ன மரம், என்ன செடி என்று வரைபடம் போட்டுக் கொடுத்தவள் கயல்விழி. நட்டதெல்லாம் பிடித்திருக்கிறதா என்று பார்க்கக் கடலூரிலிருந்து விடிந்ததுமே காரில் கிளம்பியிருந்தாள். மார்கழிப் பனி சாலையை மூடிக் கிடந்தது.

வெள்ளாற்றை நெருங்கும்போது இரண்டு வரிசைப் புளியமரங்கள் பனிக்குள் கருப்பாகத் தெரிந்தன. பழைய சாலையின் மரங்கள். வெட்டக் கூடாது என்று எஞ்சினியர் ஸ்ரீதரிடம் மூன்று மாதம் மல்லுக்கு நின்று அவள் காப்பாற்றியவை. பார்த்ததும் மனம் நிறைந்தது. மறுகணமே நிமிர்ந்து உட்கார்ந்தாள். மரங்களுக்கு முன்பாகவே புதிய சாலை இடப்பக்கம் திரும்ப வேண்டும். கார் திரும்பவில்லை.

"சேரன், நிறுத்துங்க! நிறுத்துங்க!"

டிரைவர் பிரேக்கை மிதித்தார். இட்லிப்பூச் செடிகளை நசுக்கிக்கொண்டு மரங்களுக்கு நடுவே வழுக்கிப் போய் நின்றது கார். முன்னால் பத்தடியில் தரை முடிந்திருந்தது. பழைய பாலத்தை இடித்தாகிவிட்டது. கீழே ஆறு.

"ரெண்டு பக்கமும் மரம் தெரிஞ்சுது மேடம். ரோடு நேராத்தான் போவுதுன்னு நெனச்சிட்டேன்." என்றார் சேரன். "வளைவே கண்ணுல படல."

வளைவுக்கான பலகையைப் பனி மறைத்திருந்தது. மரங்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று பழைய சாலையை மறைக்கும் புதர் வைக்காமல், அங்கே கணுக்கால் உயரச் செடிகளை வரைந்தது அவள்தான்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

பின்சீட்டில் கிடந்த ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்துக்கொண்டு வந்த வழியே ஓடினாள். செருப்பு எங்கோ கழன்றது. இரண்டு விளக்குகள் நேராக அவளை நோக்கி வந்தன. கோட்டைச் சுழற்றிக் கத்தினாள். கிறீச்சிட்டுக்கொண்டு பஸ் நாலடி தள்ளி நின்றது.

"சாவறதுக்கு எங்க பஸ்தான் கெடச்சுதா?" கண்டக்டர் குதித்து இறங்கினார். அவள் ஆற்றுப் பக்கம் கையை நீட்டினாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள நாப்பது பேரு இருக்காங்கம்மா."

கயல்விழி ஸ்ரீதருக்குப் போன் செய்தாள். "சார், ரோட்ட மூடுங்க. தப்பு என் டிராயிங்லதான்."

"யோசிச்சுப் பேசுங்க. வேல போயிடும்."

"எழுதியே தரேன் சார். மொதல்ல தடுப்பு அனுப்புங்க."

தடுப்புகள் வரும்வரை அவளும் சேரனும் கண்டக்டரும் பனியில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். ஒவ்வொரு விளக்கு தெரியும்போதும் அவள் கோட்டைத் தூக்கிச் சுழற்றினாள்.

அந்த வாரமே மரங்களுக்கு நடுவே பழைய சாலை தொடங்கும் இடத்தை மறித்து ஆளுயர மண்மேடு போட்டார்கள். சாலை நேராகப் போவதுபோல் தோன்றாமலிருக்க, முன்னால் நின்ற நான்கு புளியமரங்களை வெட்ட வேண்டியிருந்தது. எவை என்று அவளே சுண்ணாம்பால் குறியிட்டாள். விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை. சிதம்பரம்வரை அவள் கையால் மரமும் செடியும் வரைந்த வளைவுகள் இன்னும் பதினேழு இருந்தன. தினமும் பனி விலகுமுன்பே போய், ஒவ்வொன்றாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.