இருபத்தேழாம் விதிக்குக் காரணம்

நாற்பத்தொரு விதிகளில் நாற்பதைக் காப்பாற்றிவிட்டு ஒன்றைக் கொன்றவன் நான். கொலை நடந்த இடம் என் மேஜையின் இரண்டாம் இழுப்பறை, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.

நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன் நான். போன வருஷம் புதுத் திட்டச் சட்டம் வந்தது. அந்தந்த ஊர் போட்டுவைத்திருந்த பழைய வளர்ச்சி விதிகளெல்லாம் ஒரு தேதியோடு தானாகவே காலாவதி. எது வேண்டுமோ அதைப் பட்டியலில் சேர்த்து, பக்கத்துக் கட்டத்தில் காரணமும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினால் அது மட்டும் பிழைக்கும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. நாற்பது விதிகளுக்கும் 'பொதுநலன்' என்று எழுதி அரை நாளில் முடித்துவிட்டேன். சாக்கடை அகலத்துக்கும் பொதுநலன், குப்பைக் கிடங்கு மதிலுக்கும் பொதுநலன்.

இருபத்தேழுக்கு மட்டும் அப்படி எழுத மனசு வரவில்லை.

ஏரித் தெரு வளைவில் நிற்கிறவருக்கு ஏரி தெரிய வேண்டும். எதிரேயுள்ள காலி மனையில் இடுப்புயரத்துக்கு மேல் எதுவும் எழும்பக் கூடாது. அதுதான் விதி. பத்தொன்பது வருஷத்துக்கு முன் அதை எழுதியவர் அப்போது எங்கள் அலுவலகத்தில் இருந்த மேடம். நான் படம் போடுவேன், அவர் வாசகம் எழுதுவார். தெருத் தெருவாகச் சேர்ந்துதான் அளந்தோம். டேப்பின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் நான், நடுவே முப்பது மீட்டர். அதற்கு மேல் நெருங்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. விதிகள் அச்சேறிய மாதமே மாற்றலாகித் தலைநகரில் சட்டப் பிரிவுக்குப் போய்விட்டார். நான் இன்றும் மத்தியானம் அந்த வளைவில் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன்.

இருபத்தேழுக்கான காரணத்தைத் தனித்தாளில் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். எப்படி எழுதினாலும் அரசாங்கத்துக்குக் காட்ட முடியாத மாதிரியே வந்தது. கடைசி நாள் இருபத்தேழு இல்லாமலே பட்டியல் கிளம்பிப் போனது. எழுதி அடித்த ஒன்பது தாளும் இழுப்பறையிலேயே கிடந்தன.

இப்போது அந்த மனையில் ஐந்து மாடி கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது. படத்தைச் சரிபார்க்க வேண்டியவனும் நான்தான். பார்த்தேன். ஐந்தாம் மாடியிலிருந்து ஏரி பிரமாதமாகத் தெரியும்.

விதியை மீட்க வழியுண்டா என்று ஆபீசரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். வக்கீலைக் கேட்டேன். ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை என்றார். அக்காவிடம் புலம்பினேன். உன் கல்யாணப் பேச்சையும் இப்படித்தானேடா இழுப்பறையில் போட்டுவைத்தாய் என்றாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் நாலு நாள் குத்தியது.

கடைசியில் சட்டப் பிரிவுக்கே போன் போட்டேன். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள், "யாரு, படக்காரரா?" என்றார் மேடம். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட அவரைத் தவிர ஆளில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன், சாப்பாட்டு டப்பா உட்பட. சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"வராது," என்றார். "பட்டியல்ல இல்லாதது போனது போனதுதான். பார்க்கலாம்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க."

ஏரியே போன பிறகு நான் இனி எதைப் பொத்திவைக்க வேண்டும்? கேட்டுவிட்டேன்.

"அந்தக் காரணக் கட்டத்துல, நீங்களா இருந்தா என்ன எழுதியிருப்பீங்க மேடம்?"

அந்தப் பக்கம் யாரோ கோப்பு கேட்டார்கள். அப்புறம் வாங்க என்று அவர்களை அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்பல்லாம் மத்தியானம் ஆனா டப்பாவைத் தூக்கிட்டு நீங்க அந்த வளைவுலதான் போய் நிப்பீங்க," என்றார். "நீங்க பார்க்கணும்னுதான் எழுதினேன்."