நூற்றுக்கு நாற்பத்தொன்று

காவலூருக்கு மேலேயிருந்த மலை ஊர்களில் மல மாதிரி சேகரிக்க, ஆராய்ச்சிக்காரர்கள் கோகிலவாணியை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவளும் அந்த மலைக்காரிதான். வீடு வீடாக டப்பா கொடுத்து, மறுநாள் விடிந்ததும் போய் வாங்க வேண்டும். "பீயையா கேக்குற?" என்று சிலர் கதவைச் சாத்தினார்கள். "புழு இருந்தா மருந்து குடுப்பாங்க" என்று அவள் சொன்னதை நம்பித்தான் கடைசியில் கொடுத்தார்கள்.

எட்டு மாதம் கழித்து ஜமுனாமரத்தூரில் கூட்டம் போட்டார்கள். ஆராய்ச்சியாளர் தனசேகரன் முடிவுகளைத் திரையில் காட்டினார். மலையடிவாரத்துச் சந்தவாசல் பக்கம் நூறு பேரில் ஒன்பது பேருக்குக் கொக்கிப்புழு. மலையில் நாற்பத்தொரு பேருக்கு.

"வெறுங்காலோட நடக்குறாங்க, வெளியில ஒதுங்குறாங்க. பழக்கவழக்கம் மாறணும்" என்றார். முன்வரிசை தலையாட்டியது.

கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் நாத்தனார் செல்லி, போன மாதம் சாமைக் கொல்லையில் களையெடுக்கும்போது மயங்கி விழுந்தாள். டோலி கட்டித்தான் தூக்கி வந்தார்கள். புழு உறிஞ்சி உடம்பில் பாதி ரத்தம்கூட இல்லை என்றார் டாக்டர். செல்லியும் மாதிரி கொடுத்தவள்தான்.

எழுந்து நின்றாள்.

"சார், இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ரிசல்ட் மாதிரி எடுத்த மாசமே வந்துச்சும்மா. ரெண்டாவது ரவுண்டும் எடுத்து முடியட்டும்னு..."

"தெரிஞ்சும் மாத்திரை குடுக்கல."

"ஸ்கூல்ல குடுக்குறாங்களே."

"எங்க நாத்தனாருக்கு நாப்பது வயசு. எந்த ஸ்கூலுக்கு அனுப்பட்டும்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை உசுப்பியது.

"கவர்மெண்டு கக்கூஸ் கட்டுச்சு, தண்ணி இல்ல. அரை மைல் ஏறி ஓடையில மொண்டு வந்து குடிக்கவா, அதுல ஊத்தவா? கீழ வூட்டுக்கு வூடு கொழாய் இருக்குது, ஒம்பது. எங்களுக்கு இல்ல, நாப்பத்தொண்ணு. இதுல பழக்கம் இன்னா பண்ணுச்சு?"

"வெளியில பேசிக்கலாம்மா."

"இங்கதான சார் எங்க மானத்த வாங்குனீங்க. இங்கயே பேசுங்க."

இரண்டாவது சுற்றுக்கென்று காலையில் தன்னிடம் கொடுத்திருந்த டப்பா மூட்டையைத் தூக்கி அவர் மேசைமேல் வைத்தாள். "மாத்திரை வந்தா எடுத்துட்டுப் போறேன்."

பத்தாம் நாள் நர்ஸ் ரேணுகாதேவி மாத்திரையோடு வந்தார். பெரியவர்களும் வாங்கி விழுங்கினார்கள். கோகிலவாணிக்கு வேலை போனது. டப்பா கொடுக்கக் கீழிருந்து வேறொருத்தி வந்தாள்.

"தண்ணி வசதி வரலன்னா ஆறு மாசத்துல புழு திரும்பக் கால் வழியா ஏறிடும்" என்றார் நர்ஸ், தணிந்த குரலில்.

"மாத்திர இன்னும் எத்தினி வாட்டி முழுங்கணும்?" என்று செல்லி கேட்டாள்.

திங்கட்கிழமை கோகிலவாணி பத்துப் பெண்களோடு முதல் பஸ் ஏறினாள், குழாய் கேட்டுக் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க. கோபம் கொஞ்சமும் இறங்கியிருக்கவில்லை.