ஒரு ‘உம்’ குறைந்த கேள்வி

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் சரக்குக் கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டிருந்த நைனா முகமது, வயசாகிப்போய் வத்தலக்குண்டு மகள் வீட்டோடு ஒதுங்கிவிட்டார். அந்த இடம் காலி என்று கேட்டதிலிருந்து சோலைமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பதினோரு வருஷமாக அவனுக்குச் சுண்ணாம்புக் குழியில்தான் பிழைப்பு. பச்சைத் தோலைப் புரட்டிப் புரட்டி விரல் நுனியெல்லாம் பொத்தல். குழம்பு பட்டால் உயிர் போய்விடும். பெண்டாட்டி அய்யம்மாள்தான் சோற்றை உருட்டி வாயில் வைப்பாள். இன்னொரு வருஷம் சுண்ணாம்பில் நின்றால் இரண்டு விரலை எடுக்க வேண்டியதுதான் என்று தர்மாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். கிட்டங்கியில் சுண்ணாம்பு கிடையாது. காய்ந்த தோலை அடுக்கி, சீட்டு எழுதி, பூட்டிவிட்டு வரலாம். சோலைமலை எட்டாவது வரை படித்தவன்.

அந்த வேலைக்கு வந்து நின்றது இரண்டே பேர். இவனும், ஆபீசில் தண்ணீர் எடுத்து வைக்கிற பொன்னுத்துரையும். பட்டணத்திலிருந்து வந்த புது மானேஜருக்குப் புதிர் என்றால் பைத்தியம். “சிபாரிசு எங்கிட்ட நடக்காது. மூளைதான் பேசணும்” என்று ஆளுக்கொரு சீட்டை நீட்டினார்.

‘கந்தன், வேலன், முத்து மூவரில் ஒருவனே சுருட்டுக் குடிப்பவன். கந்தனைப் போல வேலன் சுருட்டுக் குடிக்கமாட்டான். குடிப்பவன் யார்?’

சோலைமலை ஒருதரம்தான் படித்தான். ‘கந்தன்’ என்று எழுதினான். பொன்னுத்துரை பென்சிலைக் கடித்துக் கடித்து ‘முத்து’ என்று எழுதினான்.

மானேஜர் சாவியைப் பொன்னுத்துரை கையில் கொடுத்தார்.

சோலைமலை ஓரடி முன்னால் வந்தான். “ஐயா, கந்தன்தானுங்களே?”

“எப்படிய்யா? கந்தன் குடிக்கமாட்டான். அவனை மாதிரியே வேலனும் குடிக்கமாட்டான். மிச்சம் யாரு? முத்து.”

“எங்க குழிக்குள்ள நின்னுக்கிட்டு, ‘சடையாண்டியப் போல நான் திருட மாட்டேன்’னு சொல்லிப் பாருங்க. கூட வேலை பாக்குற சடையாண்டி மண்டைய ஒடச்சிருவான். அவன் திருடன்னுதானங்க அர்த்தம்? அதே மாதிரி, கந்தன் குடிக்கிறான், அவனப் போல வேலன் குடிக்க மாட்டான்.”

மானேஜர் சீட்டை வாங்கித் திரும்பப் படித்தார். முகம் மலர்ந்தது. “அட, அப்படியும் வருதே! கெட்டிக்காரன்யா நீ. சரி, நான் நினைச்ச மாதிரி வரணும்னா எப்படி எழுதியிருக்கணும்?”

பென்சிலை நீட்டினார். சோலைமலை யோசிக்கவில்லை. தப்பாக நிற்கிற எழுத்தைக் கண்டால் அவனுக்குச் சும்மா இருக்க முடியாது. ‘வேலன்’ என்பதை அடித்து ‘வேலனும்’ என்று எழுதினான். பென்சில் உரசிய இடத்தில் விரல் கசிந்து தாளில் கறைபட்டது.

“பிரமாதம். இப்ப யாரு குடிக்கிறவன்?”

“முத்துங்க.”

“பாத்தியா, உன் வாயாலேயே வந்துடுச்சு!” மானேஜர் கறைபட்ட மூலையைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சீட்டைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். “நல்ல கேள்வியாயிடுச்சு. இனிமே புதிர் எழுதினா உன்கிட்ட ஒரு தடவை காட்டிடறேன்.”

“அப்ப வேலை ஐயா?”

“சாவியைக் கொடுத்தாச்சே. கொடுத்ததை எப்படிப் பிடுங்கறது? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?”

வெளியே பொன்னுத்துரை சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தான்.

“எப்படிலே கண்டுபிடிச்ச?” என்றான் சோலைமலை.

“என்னத்தண்ணே கண்டேன்? எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே ரொம்ப நேரம் ஆகும். மூணு பேருல முத்துதான் எழுதச் சுளுவா இருந்துச்சு.” பொன்னுத்துரை பல்லைக் காட்டினான். “கிட்டங்கியில சீட்டு எழுதணும்கிறாங்க. நீ வந்து எழுதிக் குடுத்துர்றியாண்ணே?”

சோலைமலை குழிக் கொட்டகைக்கு நடந்தான். குழி மேட்டில் நின்ற மேஸ்திரி, “ஏலே, பரீட்சை முடிஞ்சுதா? தோலு ஊறிக் கெடக்கு, எறங்கு” என்றார்.

வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினான். முதலில் இடது கையை விட்டான். எரிச்சல் கொஞ்சம் மரத்ததும் வலது கையை விட்டான்.